கணப்பும் காற்றும்

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையில் விசிறியும் மறு கையில் பத்திரிகையுமாக உட்கார்ந்திருக்கும் நேயர்களிடம், "படகுக்குள்ளே கணப்பு அமைப்பது எப்படி?" என்று ஒருவன் பிரசங்கம் செய்ய வந்தால், அவனுக்குச் சித்தப் பிரமை ஏற்பட்டுவிட்டது என்று அவர்கள் முடிவு செய்வது நியாயந்தான். நம்மில் பலருக்குப் படகும் இல்லை. கணப்புத் தேவைப்படும் குளிரும் இல்லை. ஆனாலும் இந்த வாரம் அதைப்பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏனெனில், ஒரு ஜனவரி இரவில் இங்கிலாந்துக் கால்வாய் ஒன்றில் நான் கற்றுக்கொண்ட பாடம், அடைத்த அறையில் நெருப்பு வைத்துக்கொள்ளும் எல்லாருக்கும் உரியது.

இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்தில், நார்த்தாம்ப்டன்ஷயர் ஜில்லாவில், பிரான்ஸ்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயும் அங்கே சந்திக்கின்றன. ரயில் வருவதற்கு முன்னால் நிலக்கரியும் மட்பாண்டங்களும் இத்தகைய கால்வாய்களில்தான் பிரயாணம் செய்தன. அவற்றின் பல மதகுகளுக்கு அகலம் ஏழு அடிதான். ஆகவே படகுகளும் ஏழு அடிக்குள் அடங்கவேண்டியதாயிற்று. நீளமோ எழுபது அடி வரையில்! ஒரு நீண்ட பெட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போலிருக்கும். இவற்றை 'நாரோபோட்' என்று சொல்லுகிறார்கள்.

பழைய நாளில் படகின் பெரும் பகுதியைச் சரக்கு எடுத்துக்கொள்ளும். பின்கோடியில் சுமார் பத்தடி நீளமுள்ள ஒரு சிறு காபின் மட்டும் மிச்சம். படகோட்டி, அவன் மனைவி, அவர்களுடைய குழந்தைகள் எல்லாரும் அந்தப் பத்தடிக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, வாழ்ந்தார்கள். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்தக் கோலத்தைக் கண்டு மனம் பொறாமல் கிளர்ச்சி செய்தார். அதன் பயனாக 1877-ம் வருஷத்திலும் 1884-ம் வருஷத்திலும் சட்டங்கள் வந்தன. ஒரு காபினில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பதற்கு வரம்பு ஏற்பட்டது. அந்தக் காபினுக்கு உயிர் கொடுத்தது வாசற்படிக்கு அருகே இருந்த ஒரு நிலக்கரி அடுப்பு. அதுவே சமையலறை, அதுவே கணப்பு. அதன் புகைபோக்கிக்குப் பித்தளைப் பட்டைகள் பூட்டி, நம் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவது போல் துலக்கி வைப்பார்கள்.

இன்று அந்தச் சரக்குப் போக்குவரத்து அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் கால்வாய்களும் படகுகளும் மறையவில்லை. விடுமுறைக்காகச் சிலரும், வீடாகவே வைத்துக்கொண்டு சிலரும் அவற்றில் வாழ்கிறார்கள். என்னை விருந்தாளியாக அழைத்த தம்பதிகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். கணவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். அம்மாள் புத்தகசாலையில் வேலை பார்த்தவர். ஐம்பத்தேழு அடி நீளமுள்ள எஃகுப் படகை அந்த வருஷம்தான் வாங்கியிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்த மாலையில் கால்வாயின் ஓரங்களில் பனிக்கட்டி படிந்திருந்தது. படகின் கதவைத் திறந்ததும் கதகதவென்று வெப்பம் வந்து முகத்தில் பட்டது. சொர்க்கந்தான் என்று எண்ணினேன். நடுவிலே, சக்கரம் வைத்த ஒரு காஸ் கணப்பு செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. சிலிண்டரை முதுகில் சுமந்துகொண்டு, வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஜாதி அது. படகை விற்றவர் இனாமாக விட்டுப் போனாராம்.

"இனாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?" என்றார் உபாத்தியாயர்.

கூரையிலே காற்றுப் போக்கிகள் இரண்டு இருந்தன. ஒன்றிலிருந்து சாம்பல் நிறமாக ஏதோ எட்டிப் பார்த்தது. கூர்ந்து கவனித்தேன். கம்பளிக் காலுறை!

"அதன் வழியாகக் குளிர்காற்று ஊசி போல் இறங்குகிறது. ஆகையால் அடைத்துவிட்டேன்" என்று பெருமையுடன் சொன்னார். மற்றொன்றில் அதன் ஜோடி இருந்தது.

இரவு பத்து மணி சுமாருக்கு ஜன்னல் கண்ணாடிகள் அழ ஆரம்பித்தன. கண்ணாடியில் வழிந்த நீர் படுக்கையை நனைத்தது. கூரையின் இரும்புச் சட்டத்திலிருந்து என் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. படகு எங்கேயாவது ஒழுகுகிறதோ என்று கேட்டேன். "இல்லை, இல்லை. குளிர்காலத்தில் எல்லாப் படகுகளும் இப்படித்தான்" என்று சமாதானம் சொன்னார்.

உண்மையில் அந்த ஜலம் கால்வாயிலிருந்து வரவில்லை, கணப்பிலிருந்தே வந்தது. காஸ், மண்ணெண்ணெய், டீஸல் இவை யாவும் எரியும்போது அவற்றிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராண வாயுவுடன் கூடி நீராவியாகிறது. ஒரு கிலோ புரொப்பேன் காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ ஜலம் உண்டாகும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான ஜலம். அந்தச் சக்கரக் கணப்பு முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு அரை லிட்டர் வீதம் ஜலத்தைக் காபினுக்குள் தெளித்துக்கொண்டேயிருக்கும். நாலு மணி நேரத்தில் இரண்டு லிட்டர்! புகைபோக்கி இருந்தால் அந்த ஆவி வெளியே போயிருக்கும். இல்லாதபடியால் குளிர்ந்த எஃகிலும் கண்ணாடியிலும் பட்டு ஜலமாயிற்று.

இது போகட்டும், ஈரத்தைத் துடைத்துவிடலாம். துடைக்க முடியாத விஷயம் இனிமேல்தான் வருகிறது.

பதினொரு மணிக்கு எனக்குத் தலை கனத்தது. பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன். சற்றுக் காற்று வாங்கலாமென்று வெளியே போய்க் கரையில் நின்றேன். பத்து நிமிஷத்தில் தலைவலி குறைந்தது. திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தேன், மறுபடியும் கனத்தது. இதை நான் சொன்னதும் அந்த அம்மாள் தம் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கும் ஒரு வாரமாக இதே தலைவலிதான். கடைக்குப் போனால் தீர்ந்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை மணி எங்கே?" என்று கேட்டார்.

உபாத்தியாயர் தயங்கிக்கொண்டே ஓர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே, துண்டில் சுற்றி, பாட்டரி கழற்றப்பட்ட நிலையில் விஷவாயு எச்சரிக்கை மணி உறங்கிக்கொண்டிருந்தது. சென்ற வாரம் அது இரண்டு முறை காரணமில்லாமல் அலறியதாம். பழுதாகிவிட்டதென்று தீர்மானித்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார். பாட்டரியை மாட்டியவுடன் அது மூன்றாம் முறையும் அலறியது.

கணப்பை அணைத்தோம். கதவுகளைத் திறந்தோம். காலுறைகளைப் பிடுங்கினோம். அன்றிரவு மூவரும் கிராமத்து விடுதியொன்றில் தங்கினோம். எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இந்த விஷவாயுவின் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. எரியும் பொருளுக்குப் போதுமான பிராண வாயு கிடைக்காதபோது இது உண்டாகிறது. இதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. நமது இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராண வாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையுடன் இந்த விஷத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே சிறிதளவு விஷமும் மெல்ல மெல்ல இரத்தத்தில் குடியேறிவிடுகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், அயர்வு, இவையே அடையாளங்கள். படகில் இருப்பவன் இவற்றைக் களைப்பென்றோ, ஜலத்தின் ஆட்டமென்றோ எண்ணிக்கொண்டு படுத்துவிடுகிறான். தூங்குகிறவனுக்கு அடையாளமே தெரியாது.

பெரிய வீட்டில் இடுக்குகள் வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டிருக்கும். படகின் காபினோ சிறியது. நீர் புகாமல் கட்டியது. நீர் புகாத இடத்தில் காற்றும் எளிதில் புகாது. அந்தச் சிறு இடத்திலே நெருப்பும் மனிதனும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகிறார்கள். நெருப்புக்கு மூச்சுத் திணறினால் அது விஷத்தைக் கக்குகிறது.

2014-ம் வருஷம் ஜனவரி மாதம், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பி துறைமுகத்தில் 'எஷ்கால்' என்னும் சிறு மீன்பிடிப் படகு கட்டியிருந்தது. அதன் ஊழியர்களான இரண்டு வாலிபர்கள் இரவு வேலை முடிந்து வந்து படுத்தார்கள். குளிருக்காக, படகிலிருந்த காஸ் அடுப்பின் வாட்டும் பகுதியை எரியவிட்டே தூங்கினார்கள். சமையலுக்காக ஏற்பட்ட அடுப்பு, கணப்பு வேலையைச் செய்தது. படகில் எச்சரிக்கை மணி கிடையாது. இருவரும் எழுந்திருக்கவேயில்லை. பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணை இலாகா இதைப்பற்றி அறிக்கை வெளியிட்டது. புயலில்லை, பாறையில்லை, துறைமுகத்துக்குள், கரையில் கட்டிய படகில், கதகதப்பாகப் படுத்திருந்தவர்களுக்கு இந்தக் கதி.

மகா அனுபவசாலிகளையும் இந்த விஷம் விட்டதில்லை. அமெரிக்கக் கடற்படை வீரர் ரிச்சர்டு பேர்டு 1934-ல் தென்துருவப் பிரதேசத்தில் பனிக்கடியில் ஒரு குடிலில் தனியாகக் குளிர்காலத்தைக் கழித்தார். அவருடைய கணப்பின் குழாய் இணைப்புகளில் கசிவு. காற்றுக் குழாயில் பனிக்கட்டி அடைப்பு. போதாக்குறைக்கு ரேடியோவுக்கு மின்சாரம் தரும் யந்திரத்தின் புகை. மே மாத முடிவில் மூர்ச்சித்து விழுந்தார். கணப்பை ஏற்றினால் விஷம், அணைத்தால் குளிர். இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தவரை ஆகஸ்டு மாதத்தில்தான் சகாக்கள் வந்து மீட்டார்கள்.

மறுநாள் காலையில் உபாத்தியாயர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார். "இனிமேல் இனாம் வேண்டாம், விலை கொடுத்தே வாங்குவோம். ஆனால் எதை வாங்குவது?" என்று கேட்டார். படகுகளுக்குக் கணப்பு அமைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை வரவழைத்தோம். அவர் சொன்ன முதல் விதி இது: "புகை வெளியே போகாத கணப்பு எதையும் காபினில் வைக்காதீர்கள்." இந்த ஒரு விதியிலேயே சந்தையிலுள்ள பாதிச் சாமான்கள் கழிந்துபோயின.

மின்சாரக் கணப்பு வைத்தால் என்ன? புகையே இல்லையே! துறையில் கட்டிக்கொண்டு கரையிலிருந்து மின்சாரம் வாங்கினால் அது நல்லதுதான். ஆனால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இரண்டு கிலோவாட் எடுப்பதென்றால் சுமார் 167 ஆம்பியர் ஓடவேண்டும். நூறு ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரி ஒரு மணி நேரங்கூடத் தாங்காது.

ஆகவே மிஞ்சியவை மூன்று. முதலாவது, நிலக்கரியோ விறகோ எரிக்கும் இரும்புக் கணப்பு. டென்மார்க்கிலிருந்து வரும் 'மோர்ஸோ ஸ்குவிரல்' இந்த வகையில் பெயர் பெற்றது. மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை, நெருப்பைக் கண்ணால் பார்க்கலாம். சாம்பல் அள்ளும் வேலை உண்டு. எரிவதற்கான காற்றைப் பெரும்பாலும் காபினிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே காற்றுப் போக்கிகள் திறந்தேயிருக்க வேண்டும்.

இரண்டாவது, டீஸலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரிக்கும் கணப்பு. டென்மார்க்கின் 'ரெஃப்லெக்ஸ்', கானடாவின் 'டிக்கின்ஸன்' முதலியவை மீன்பிடிப் படகுகளில் பழகியவை. இதற்கும் நேரான புகைபோக்கி அவசியம்.

மூன்றாவது, விசிறியால் வெப்பக் காற்றை ஊதும் டீஸல் யந்திரம். ஜெர்மனியின் 'வெபாஸ்டோ', 'எபர்ஸ்பேஷர்' இரண்டும் பிரசித்தமானவை. இதன் விசேஷம் யாதெனில், எரியும் அறை தனி. நாம் சுவாசிக்கும் காற்று தனி. எரிவதற்கான காற்றை ஒரு குழாய் வெளியிலிருந்து கொண்டுவரும். புகையை மற்றொரு குழாய் வெளியே தள்ளும். காபின் காற்று, சூடான உலோகச் சுவரைத் தொட்டுக்கொண்டு போய்ச் சூடாகிறது. நெருப்பும் மனிதனும் போட்டியிடாத ஏற்பாடு. இரண்டு கிலோவாட் யந்திரம் மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவான எண்ணெயே குடிக்கும். பற்றவைக்கும்போது சில நிமிஷங்கள் மின்சாரம் அதிகமாக இழுக்கும். பிறகு முப்பது வாட்டுக்குள் அடங்கிவிடும்.

"பெரிதாகவே வாங்கிவிடலாமே? குளிர் அதிகமானால் உதவுமே!" என்றார் உபாத்தியாயர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய காபினில் பெரிய கணப்பை வைத்தால் வெப்பம் தாங்காமல் அதன் காற்றுத் துவாரத்தை மூடி, நெருப்பை அரைகுறையாக உறங்க வைப்பார்கள். அரைகுறை நெருப்புதான் விஷவாயுவின் தாய். டீஸல் யந்திரமும் எந்நேரமும் மந்தமாக ஓடினால் உள்ளே கரி பிடித்துக் கெட்டுப்போகும். முப்பதடிப் பாய்மரப் படகுக்கு இரண்டு கிலோவாட் வழக்கமாகப் போதும். ஐம்பத்தேழு அடி நாரோபோட்டுக்கு நாலைந்து கிலோவாட் கணப்புப் போதும்.

டீஸல் யந்திரம் வேண்டுமென்று உபாத்தியாயரும், கண்ணால் பார்க்க நெருப்பு வேண்டுமென்று அம்மாளும் வாதாடினார்கள். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இத்தகைய வழக்குகள் எப்படித் தீர்ப்பாகும் என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறிய இரும்புக் கணப்பு ஒன்று வந்து சேர்ந்தது.

அதை அமைத்த விதத்தை இரண்டு நாள் அருகிலிருந்து பார்த்தேன். தரையில் எரியாத ஓடுகள் பதித்த மேடை கட்டினார்கள். பின்சுவரிலும் எரியாத பலகை பொருத்தி, அதற்கும் மரத்துக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விட்டார்கள். மதகுக்குள் நுழையும்போது படகு சுவரில் இடிக்குமாதலால் கணப்பின் கால்களை மேடையோடு திருகாணியால் இறுக்கினார்கள். புகைபோக்கி கூடியவரை நேராக, வளைவில்லாமல் மேலே போயிற்று. மேற்குழாயின் வாய் கீழ்க்குழாயின் உள்ளே இறங்கும்படி வைத்தார்கள். அப்போதுதான் உள்ளே வழியும் தார் வெளியே கசியாது. இணைப்புகளை நெருப்புத் தாங்கும் கயிற்றாலும் பூச்சாலும் அடைத்தார்கள். படகு இடிபட இடிபட அந்தப் பூச்சு வெடிக்கக் கூடும். ஆகவே பருவத்துக்கு ஒரு முறை பார்த்துப் பூச வேண்டும்.

டீஸல் யந்திரம் வைப்பவர்களுக்கும் அந்தத் தொழிலாளி சில வார்த்தைகள் சொன்னார். புகைக்குழாய் ஒட்டுப்போடாத எஃகுக் குழாயாக இருக்கவேண்டும். வெப்பம் தாங்கும் உறை சுற்றவேண்டும். அதன் வாய் ஜன்னலுக்கும் காற்றுப் போக்கிக்கும் தூரத்தில், நீர்மட்டத்துக்கு மேலே, அலை புகாதபடி அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்து செல்லவேண்டும். சூடாக்கும் காற்றை எஞ்சின் அறையிலிருந்து எடுக்கவே கூடாது. மின்கம்பி தடிப்பாக இருக்கவேண்டும். யந்திரத்தை அதன் விசையால் மட்டுமே நிறுத்தவேண்டும்; பாட்டரியைத் துண்டித்து நிறுத்தினால், உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்க விசிறி ஓடாமல் யந்திரம் பாழாகும்.

கடைசியாக எச்சரிக்கை மணி. கால்வாய்களில் செல்லும் படகுகளில் தங்கும் அறை இருந்தால் விஷவாயு மணி இருந்தே தீரவேண்டும் என்று இங்கிலாந்தின் படகுப் பாதுகாப்புத் திட்டம் 2019-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விதித்திருக்கிறது. உபாத்தியாயரும் விதிப்படி வாங்கித்தான் வைத்திருந்தார், இழுப்பறையில்! இப்போது இரண்டு மணிகள். ஒன்று கணப்பிலிருந்து ஆறடி தூரத்தில். மற்றொன்று படுக்கையறையில், தூங்குகிறவர்களின் தலைமாட்டில். வாரம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பரிசோதிப்பது அம்மாளின் பொறுப்பு. மணி அலறினால் வாதம் கூடாது. நெருப்பை அணைத்து, கதவைத் திறந்து, வெளியே போய்விடவேண்டும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் நம்மவர்கள் சிலர், இரவில் குளிர் பொறுக்காமல் கரி அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்துக் கதவைத் தாளிட்டுக்கொள்வதுண்டு. தணலில் புகையில்லாததைக் கண்டு தைரியமடைகிறார்கள். புகைதான் இல்லை, விஷம் இருக்கிறது. அவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள், அடுப்பை வெளியே விடுங்கள்.

நான் விடைபெறுவதற்கு முந்திய இரவு, புதிய கணப்புக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நிலக்கரி சிவப்பாகக் கனன்றது. ஜன்னல் கண்ணாடி உலர்ந்திருந்தது. கூரையிலிருந்த காற்றுப் போக்கி வழியாகக் குளிர்காற்று மெல்லியதாக இறங்கி என் கழுத்தைத் தொட்டது. தலை லேசாக இருந்தது.

"உங்கள் காலுறைகள் என்னவாயின?" என்று கேட்டேன்.

உபாத்தியாயர் பதில் சொல்லாமல் இரண்டு கால்களையும் கணப்புக்கு எதிரே நீட்டிக் காட்டினார்.